பாதி எரிந்த கரி

“ஓடுறதுக்குன்னு தனியா ஒரு எடம் எதுக்குடி? தெரு இல்லையா?”

பெத்ரொனெலா இதைக் கேட்டபோது உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதனால்தான் மகள் கேன்யாவுக்குப் பதில் வரவில்லை. கிண்டல் என்றால் தலையைக் குனிந்துகொண்டு நகர்ந்துவிடலாம். அது அவளுக்குப் பழகிய வேலை.

கேன்யாவுக்குப் பேச்சு வராது. பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பதில் சொல்லச் சொன்னால் காது சிவந்து, நின்ற இடத்திலேயே அழுதுவிடுவாள். படிப்பைப் பாதியில் நிறுத்தி ஆலையில் சேர்த்துவிட்டார்கள். நூற்பு ஹாலின் இரைச்சலில் யாரும் யாரோடும் பேச வேண்டியதில்லை என்பது அவளுக்குப் பெரிய நிம்மதி. வூச் நகரத்தில் அப்படி வாய் திறக்காமல் பிழைப்பதற்கு ஆலைகளுக்குப் பஞ்சமில்லை.

அவளை ஓட்டக்காரி ஆக்கியது ஆலையின் இரும்புக் கதவு. காலைச் சங்கு ஊதி அடங்குவதற்குள் உள்ளே போய்விட வேண்டும். அடங்கியதும் கதவைச் சாத்திவிடுவார்கள். பாதி நாள் கூலி போய்விடும். தங்கை இர்காவுக்குப் பால் காய்ச்சிக் கொடுத்துவிட்டுத்தான் கேன்யா கிளம்ப முடியும். சங்கு ஊத ஆரம்பித்த பிறகு படியிறங்கி, மரச்செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, கதவு சாத்துவதற்குள் உள்ளே வந்து நிற்பாள். ஃபிட்டர் லிஸியாக் இதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் குடியிருந்த ஹோய்னிப் பகுதியின் தொழிலாளர் விளையாட்டுக் கழகத்துக்குச் செயலாளர், பயிற்சியாளர், பந்துக்குக் காற்றடிக்கிறவர் எல்லாம் அவர்தான்.

ஒருநாள் கதவருகே நிறுத்தி, “உன் பேரென்ன தோழர்?” என்று கேட்டார். தனக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று நினைத்துக் கேன்யா திரும்பிப் பார்த்தாள்.

அடுத்த ஞாயிறு குதிரைச் சந்தைத் திடலில் கயிறு பிடித்து அளந்து அவளை ஓடவிட்டார். முடிந்ததும் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அதைக் காதில் வைத்துப் பார்த்தார், நின்றுபோய்விட்டதோ என்று. மறுபடி ஓடவிட்டார். அந்த நேரத்தைத் தூக்கிக்கொண்டு நகரத் தடகளச் சங்கத்துக்குப் போனார். அங்கே மேஜைக்குப் பின்னால் இருந்தவர் ஸாரெம்பா.

“எந்தத் தடத்துல ஓடினா?”

“குதிரைச் சந்தையில.”

“அப்ப குதிரைங்க கணக்குல சேத்துக்கறோம்.”

இதைக் கழகத்தில் எல்லோரிடமும் நடித்துக் காட்டியவள் ரெகினா, கேன்யாவுக்கு அடுத்த இயந்திரத்தில் நிற்பவள். “ஏய் கேன்யா, உனக்கு ஓட்ஸு கட்டி வைக்கச் சொல்லட்டா?” என்று கேட்டு அவளே சிரித்தாள்.

நகரத்தில் சாம்பல் போட்டு உருட்டிய நல்ல ஓடுபாதை ஒன்று இருந்தது, பூங்காவை ஒட்டி. டென்னிஸ் ஆடுமிடம், குளிர்காலத்தில் சறுக்குவதற்குப் பனித்தளம், மாலையில் வாத்தியக்குழு எல்லாம் அங்கே உண்டு. உறுப்பினர் ஆக வேண்டும் என்றால் ஏற்கெனவே உறுப்பினராக இருக்கும் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். அப்படி இருந்தவர்கள் வங்கிக்காரர்கள், ஆலை முதலாளிகளின் மகள்கள், வக்கீல்கள். ஹோய்னிப் பெண்கள் அந்தப் பாதையை டிராம் ஜன்னலிலிருந்து பார்த்ததோடு சரி. ஆனால் அந்த மாதிரி ஒரு பாதையில் ஓடினால்தான் ஓடியதாகக் கணக்கு. கணக்கில் வந்தால்தான் நகர அணி. நகர அணிக்கு வந்தால் தலைநகர் வார்ஸாவுக்குப் போய் ஓடலாம்.

அம்மா கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். அதை வரிசையாகச் சொல்லக் கேன்யாவுக்கு வாய் வரவில்லை. “சும்மாதான்,” என்றாள். அம்மா தலையாட்டிவிட்டு அடுத்த கிழங்கை எடுத்தாள்.

“நாமளே போடுவோம்,” என்றார் லிஸியாக்.

ஆலைக்குப் பின்னால் சாயத்தண்ணீர் தேங்கிக் கிடந்த பொட்டல் ஒன்று உண்டு. அதை நிர்வாகம் கழகத்துக்கு விட்டுக்கொடுத்தது. கொதிகலன் கூடத்துச் சாம்பலையும் அள்ளிக்கொள்ளச் சொன்னது. அவர்களுக்கு வண்டிக்கூலி மிச்சம். அந்தக் கோடை முழுக்க ஷிஃப்ட் முடிந்ததும் கழகத்துப் பெண்களும் ஆண்களும் சேறு வெட்டினார்கள். அடியில் உடைசெங்கல், அதன்மேல் பெரிய சாம்பற்கட்டிகள், அதற்கும் மேலே களிமண் கலந்த பொடிச்சாம்பல். தண்ணீர் தெளித்து, கல்லுருளையைப் பத்துப் பேர் சேர்ந்து இழுத்தார்கள். முதல் வளைவு கேன்யாவும் ரெகினாவும் போட்டது. அங்கே ஓடுகிறவர்களின் பாரம் உள்பக்கம் சாயும் என்று லிஸியாக் சொன்னதால், உள்விளிம்பில் நல்ல பெரிய கட்டிகளாகப் பொறுக்கித் திணித்திருந்தார்கள்.

அதற்கு முன்பெல்லாம் அந்தச் சாம்பல் தெருமுனைக் குப்பைமேட்டுக்குப் போகும். அங்கே ஹோய்னியின் பெண்கள் கம்பிச் சல்லடையோடு காத்திருப்பார்கள். எரியாமல் விழுந்த கருப்புத் துண்டுகளைச் சலித்தெடுத்து, சாக்கில் கட்டி, கோடையிலேயே கட்டிலுக்கடியில் சேர்த்துவைப்பார்கள். வருடா வருடம் குளிர்காலம் அதில்தான் ஓடும். பெத்ரொனெலாவும் போவாள். அந்தக் கோடையில் மேட்டுக்கு வண்டி வரவில்லை. சாம்பல் வேறு பக்கம் போனது, கேன்யா தள்ளும் கைவண்டியில்.

“எம்மாடி ராணிங்களா,” என்று குப்பைமேட்டிலிருந்து ஒருத்தி கத்துவாள், “எங்க அடுப்ப எங்கடி தள்ளிட்டுப் போறீங்க?”

“விளையாடப் போறாளுங்களாம்.”

“வெளையாடி முடிச்சா வயித்துல எரியும், அதுல குளிர்காயலாம்.”

லிஸியாக் தொப்பியைக் கழற்றிப் பணிவாகச் சொல்வார்: “அம்மா, உங்க புள்ளைங்க நெஞ்சு நல்லா இருக்கணும்னுதான் இது. கரி டிப்போவுல கெடைக்கும். நெஞ்சு எந்த டிப்போவுல கெடைக்கும்?” அவர் மனப்பூர்வமாக நம்பித்தான் சொன்னார். பெத்ரொனெலா அந்தக் கூட்டத்தில் நின்றாலும் ஒரு வார்த்தை பேசியதில்லை. மகள் வண்டி கடந்து போகும்வரை சல்லடையை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொள்வாள்.

இலையுதிர்காலத்தில் பாதை முடிந்தது. கழகத்துக்கே ஒரே ஜோடி, அடியில் ஆணி வைத்த ஓட்ட ஷூ; அவளுக்குப் பெரிது. அதில் காகிதம் திணித்துக் கேன்யா முதல் சுற்று ஓடினாள். அன்று மாலை வீட்டில் அவள் பேசினாள். யாரும் கேட்காமலே பேசினாள். இர்கா வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கால வச்சா அது திருப்பித் தள்ளுதும்மா. மெத்தை மாதிரியும் இல்ல, கல்லு மாதிரியும் இல்ல. பூங்கா பாதைகூட இப்படி இருக்காதாம். தோழர் சொன்னாரு.”

“எதனால அப்படி?”

“சாம்பல்ல பாதி எரியவே இல்லியாம். பெரிய பாய்லர்ல தட்டு ஒடஞ்சு கெடக்கு, கரி பாதி வேகறதுக்குள்ள கீழ விழுந்துடுது. கட்டி கட்டியா, உள்ள கருப்பா...”

அம்மாவின் கத்தி நின்றது. “அவ்வளவு கரியா?”

“அடியில பூராவும் அதான்,” என்றாள் கேன்யா பெருமையாக.

வசந்தத்தில் ஸாரெம்பா வந்து அளந்து பார்ப்பதாக நாள் சொல்லியிருந்தார். பாதை சரியாக இருந்தால் மே மாதப் போட்டி ஹோய்னியில். கேன்யா குளிர்காலத்தில் சாப்பாட்டில் குறை வைக்கக் கூடாது என்று லிஸியாக் தன் வீட்டுப் பன்றிக்கொழுப்பில் பாதியைக் கொண்டுவந்து கொடுத்தார்.

அந்தக் குளிர் எப்படி வந்தது என்று ஊரில் எல்லோருக்கும் நினைவிருக்கும். பிப்ரவரியில் காக்கைகள் தந்திக்கம்பியிலிருந்து கட்டையாக விழுந்தன. தெருக்குழாய் உறைந்தது. கரி ஏற்றிய ரயில்கள் தண்டவாளத்தில் எங்கோ நின்றுவிட்டன; டிப்போ கதவில் பலகை ஆணியடித்து மூடப்பட்டது. பெத்ரொனெலாவின் கட்டிலுக்கடியில் அந்த வருடம் ஒரு சாக்குகூட இல்லை. முதலில் அலமாரித் தட்டுகள் எரிந்தன. பிறகு நாற்காலி. இர்காவின் இருமல் மாறியது. நாய் குரைப்பதுபோல வந்தது. வாளியில் இருந்த தண்ணீர் வீட்டுக்குள்ளேயே கல்லாகி, காலையில் கோடாலிக் காம்பால் உடைக்க வேண்டியிருந்தது.

ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து கேன்யா கதவைத் திறந்ததும் முகத்தில் வெப்பம் அடித்தது. ஜன்னல் கண்ணாடியில் பனி உருகி வழிந்துகொண்டிருந்தது. இர்கா போர்வையைக் காலால் உதைத்துத் தள்ளிவிட்டுத் தூங்கினாள். அம்மா பீட்ரூட் சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றி வைத்தாள்.

“டிப்போ தொறந்துட்டாங்களா?” கேன்யா சால்வையை அவிழ்த்தாள். விரல்களில் ரத்தம் திரும்பும்போது ஊசி குத்துவது மாதிரி வலித்தது. அந்த வலியே சுகமாக இருந்தது.

“உக்காரு. ஆறிடப்போவுது.”

அடுப்புக்குப் பக்கத்தில் வாளி இருந்தது. அதில் கருப்புத் துண்டுகள். ஒன்றில் செங்கல் தூள் ஒட்டியிருந்தது. இன்னொன்றின் ஒரு பக்கம் மட்டும் இழைத்தது மாதிரித் தட்டையாக இருந்தது. அதில் காய்ந்த களிமண். கல்லுருளை ஏறிப் போன பக்கம் அது. கேன்யா அதைக் கையில் எடுக்கவில்லை. எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். இர்கா தூக்கத்தில் இருமாமல் மூச்சு விட்டாள். கேன்யா ஸ்பூனை எடுத்துச் சூப்பைக் குடித்து முடித்தாள். கிண்ணத்தை ரொட்டியால் துடைத்தும் தின்றாள்.

ஹோய்னியில் ஒரு வீட்டுப் புகைக்கூண்டு புகைந்தால் போதும். அடுத்தடுத்த நாட்களில் பத்துப் பேர், அப்புறம் தெருவே திரண்டது. எல்லோரும் வளைவுப் பக்கம்தான் வந்தார்கள், வீடுகளுக்கு அதுதான் கிட்ட. ஞாயிற்றுக்கிழமை லிஸியாக் கழகத்து ஆட்களைக் கூட்டினார். பாதையைச் சுற்றிக் கயிறு கட்டி, ஆளுக்கொரு கம்பு கொடுத்து நிறுத்தினார். கேன்யாவையும் ரெகினாவையும் முதல் வளைவில் நிறுத்தினார்.

“கம்பு எதுக்கு தோழர்?” என்றாள் ரெகினா, மூக்கைச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டு. “குடுத்தா கொண்டுபோய் எரிச்சுக்குவேன்.”

அவர் சிரிக்கவில்லை. முகம் முழுக்கத் தாடியில் மூச்சு உறைந்து வெள்ளையாக நின்றது.

மாதாகோயிலில் பூசை முடிந்து பெண்கள் வந்தார்கள். கோயிலுக்குப் போட்ட நல்ல முக்காட்டோடே, கையில் வாளி, கடப்பாறை. முன்னால் வந்தவள் பெத்ரொனெலா. கயிற்றுக்கு இந்தப் பக்கம் மகள் நிற்பதைப் பார்த்ததும் நின்றாள். பின்னால் வந்தவர்கள் அவள்மேல் முட்டி நின்றார்கள்.

“அம்மா,” என்றார் லிஸியாக், தொப்பியைக் கழற்றி, அந்தக் குளிரில். “கேளுங்கம்மா. இன்னும் ரெண்டு வாரம். ரயில் வந்துரும். இத வெட்டிட்டா திருப்பிப் போடறதுக்கு இன்னொரு வருஷம்.”

“ரெண்டு வாரமா?” கூட்டத்தில் ஒருத்தி. “எம்மாமியா ரெண்டு வாரம் தாங்கமாட்டா. அவளுக்குச் சொல்லி வைங்க, கொஞ்சம் பொறுத்துச் சாவச் சொல்லுங்க.”

“உங்க வீட்டுல என்ன எரியுதுங்கய்யா?” இன்னொருத்தி.

லிஸியாக் கொஞ்சம் தயங்கினார். “என் பெஞ்சு. பட்டறைப் பெஞ்சு.”

“இருந்துச்சு, எரிச்சீங்க. எங்ககிட்ட இருந்தத நீங்க வண்டில ஏத்திட்டுப் போனீங்க.”

அவர் தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு கேன்யா பக்கம் திரும்பினார். “நீ சொல்லு. உங்கம்மாகிட்ட நீயே சொல்லு. இது யாருக்காகப் போட்ட பாதை?”

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். காது சிவப்பது அவளுக்கே தெரிந்தது. வசந்தம், ஸாரெம்பா, வார்ஸா, கால் வைத்தால் திருப்பித் தள்ளும் தரை, எல்லாம் வரிசை இல்லாமல் ஒன்றாக வந்தது. அம்மா கடப்பாறையைத் தரையில் ஊன்றிக்கொண்டு, பதிலுக்குக் காத்திருப்பதுபோல நின்றாள். அவள் கையில் உறை இல்லை. பழைய காலுறையைச் சுற்றியிருந்தாள்.

கேன்யா கம்பைக் கீழே போட்டாள். கயிற்றைத் தூக்கிப் பிடித்தாள்.

பெண்கள் குனிந்து நுழைந்தார்கள். தரை இரும்பாக இருந்தது. கடப்பாறை பட்ட இடத்தில் வெள்ளைக் கீறல் விழுந்ததே தவிரப் பெயரவில்லை. பெத்ரொனெலா நாலைந்து தடவை குத்திவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

“அங்க இல்லம்மா,” என்றாள் கேன்யா. “அங்க வெறும் பொடி.”

கடப்பாறையை வாங்கிக்கொண்டு உள்விளிம்புக்குப் போனாள். தானே பொறுக்கித் திணித்த கட்டிகள் எங்கே தொடங்குகின்றன என்று அவளுக்குத் தெரியும். களிமண் பூச்சு ரொட்டியின் மேல்தோல் மாதிரிப் பெயர்ந்தது. அடியில் கருப்பாக, கையளவு, முழங்கையளவு. பெண்கள் அவள் காலடியிலேயே மண்டியிட்டுப் பொறுக்கினார்கள். “இங்க போடு கண்ணு, இங்க,” என்றாள் ஒருத்தி. எவ்வளவு வேகமாக ஓடியும் ஹோய்னியில் யாரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை.

லிஸியாக் கயிற்றைச் சுருட்டத் தொடங்கியிருந்தார். அவர் எப்போது போனார் என்று அவள் பார்க்கவில்லை.

இர்கா பிழைத்தாள். இருமல் போகவில்லை, ஆனால் பிழைத்தாள். பனி உருகியதும் கழகத்தார் மறுபடி கூடினார்கள். சாம்பல் மட்டும் கிடைத்தால் ஏப்ரலுக்குள் வளைவை நிரப்பிவிடலாம் என்று லிஸியாக் கணக்குப் போட்டார். யாரையும் அவர் குறை சொல்லவில்லை. கேன்யாவைத் தோழர் என்றுதான் கூப்பிட்டார். ஆனால் சாம்பல் கிடைக்கவில்லை. துணி விற்கவில்லை என்று ஆலை வேலை வாரத்துக்கு மூன்று நாளாகக் குறைந்தது. பிறகு நூற்பு ஹாலில் பாதிப் பேரை நிறுத்தினார்கள். ரெகினாவும் போனாள், கேன்யாவும் போனாள். பெரிய கொதிகலனை அணைத்துவிட்டார்கள். சின்னதில் விழும் சாம்பல் குப்பைமேட்டுக்குப் போனது. அங்கே சல்லடையோடு நிற்கும் பெண்களிடம் போய் அதைக் கேட்க, லிஸியாக் உட்பட, கழகத்தில் ஒருவருக்கும் முகம் இல்லை.

அப்படியும் அவர் ஸாரெம்பாவுக்கு வர வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏதாவது நடந்துவிடும் என்று கடைசிவரை நினைத்திருக்க வேண்டும்.

ஸாரெம்பா சொன்ன நாளில் வந்தார். பையில் அளவுநாடா, காலில் பளபளப்பான ஷூ. முதல் வளைவில் ஆள் இடுப்பளவு குழிகள். மழைத்தண்ணீர் நிரம்பி, அதில் வானம் தெரிந்தது. மறுகோடியில் நேர்பாதை மட்டும் முழுசாக, கருப்பாக, அழகாகக் கிடந்தது. அவர் விளிம்பில் நின்று பார்த்தார்.

“இது ஓட்டத்துக்கா, நீச்சலுக்கா?”

லிஸியாக் சிரித்தார். கேன்யா அதற்கு முன்பும் பின்பும் யாரும் அப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை.

“அந்த நேர்பாதை நல்லா போட்டிருக்கீங்க,” என்றார் ஸாரெம்பா, குரலைக் கொஞ்சம் இறக்கி. “நெஜமாவே சொல்றேன். ஆனா ஒரு பக்கத்த வச்சு நான் என்ன பண்ண? மே போட்டி எப்பவும்போல பூங்காவுல. உறுப்பினர்களுக்கு.” நாடாவைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. “இந்தப் பொண்ணுதானா அது?”

“இவதான்,” என்றார் லிஸியாக்.

கேன்யா காகிதம் திணித்த ஆணி ஷூவைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். எதற்குப் போட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

அப்போதுதான் அம்மா வருவதைப் பார்த்தாள். கோயிலுக்குப் போகும் முக்காடு. கையில் அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த வாளி. பெத்ரொனெலா யாருக்கும் வணக்கம் சொல்லாமல், சேற்றில் செருப்பு புதையப் புதைய, நேராக வளைவுக்கு வந்தாள். எல்லாவற்றிலும் சின்னதாக ஒரு குழியைத் தேர்ந்தெடுத்தாள். வாளியைக் கவிழ்த்தாள்.

குளிர்காலம் முழுக்க அடுப்படியில் சேர்த்த சாம்பல். முழுதாக எரிந்து முடிந்தது, மாவு மாதிரி, வெளுப்பு. பாதி காற்றில் போய் ஸாரெம்பாவின் கால்சட்டையில் படிந்தது. மீதி தண்ணீரில் விழுந்து, கொஞ்ச நேரம் மிதந்து, கூழாகிக் கரைந்தது. அவள் செருப்புக்காலால் அதை இரண்டு தரம் மிதித்து அமுக்கப் பார்த்தாள். கால் உள்ளே போனது.

லிஸியாக் வேறு பக்கம் பார்த்தார். கேன்யா ஓரடி முன்னே வைத்தாள். அம்மாவிடம் ஏதோ ஒன்று சொல்ல வேண்டும், அந்தப் பழைய கேள்விக்காவது பதில் சொல்ல வேண்டும் என்று இருந்தது. ஆணிகள் சேற்றில் இறங்கி நின்றன.

பெத்ரொனெலா வாளியின் அடியைத் தட்டி, ஒட்டியிருந்ததையும் உதிர்த்தாள். உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு அதைக் கையில் கோத்துக்கொண்டு, மகளைத் தாண்டி, வந்த வழியே போய்விட்டாள்.